விளையாட்டுக் கணிப்பொறியும் வீட்டுப் பணமும்

வளர்ந்த பிள்ளை இருக்கும் வீட்டில், "எனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும்" என்ற விண்ணப்பம் என்றேனும் ஒருநாள் பெற்றோர் முன் வந்தே தீரும். இக்காலத்தில் இது குற்றமும் அன்று, வியப்புக்குரியதும் அன்று. விளையாடும் பிள்ளை அதே கணிப்பொறியில் படிக்கவும், படம் வரையவும், நிரல் எழுதவும் கூடும். ஆயினும் இவ்விண்ணப்பத்திற்கு இசையும் பெற்றோருள் பலர், வாங்கப்போகும் பொருளைப் பற்றி யாதும் அறியாமலேயே, ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கடைக்காரர் கையில் எண்ணிக் கொடுத்துவிடுகின்றனர். மாவரைக்கும் இயந்திரம் வாங்க நான்கு கடை ஏறி இறங்கும் நாம், அதைப் போல் பத்து மடங்கு விலையுள்ள பொருளை ஒரே கடையில், ஒரே மணி நேரத்தில் வாங்கிவிடுகிறோம்.

நம் குடும்பத்திலேயே அவ்வாறு நேர்ந்தது. அதனால் அடைந்த இழப்பும், அதன்பின் கற்ற பாடமும் பிற குடும்பங்களுக்குப் பயன்படும் என்னும் எண்ணத்தால் இதனை எழுதுகிறோம்.

பளபளப்பில் போன பணம்

நம் தமக்கையார் செங்கற்பட்டில் வாழ்கிறார். அத்தான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர். மகன் கல்லூரியில் சேர்ந்த 2022-ஆம் ஆண்டில், கிறிஸ்துமசுக்குச் சில நாள் முன்னதாக, தமக்கையார் தாம் கட்டிவந்த ஏலச்சீட்டை எடுத்து மகனுக்குக் கணிப்பொறி வாங்கிக் கொடுத்தார். கடையில் முன்னரே பூட்டி வைத்திருந்த பெட்டி அது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே பல வண்ணங்களில் ஒளிரும் விசிறிகள். கேபினெட் வாங்கினால் அதனுள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். இலவசம் என்றார் கடைக்காரர். இலவசம் என்ற சொல் யார் செவிக்கும் இனியதுதானே!

அந்த இயந்திரம் ஏழு மாதங்கள் உழைத்தது. 2023 ஜூலையில் ஓர் இரவு, விளையாட்டின் நடுவே 'டப்' என்றோர் ஒலி எழுந்தது; தொடர்ந்து கருகிய நாற்றம். வீட்டு மின்சாரத்தைக் கணிப்பொறிக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். எரிந்துவிட்டது. எரிந்த வேகத்தில் மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தே கெடுத்துவிட்டது. கடைக்கு எடுத்துச் சென்றபோது, இலவசப் பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்றனர். எரிந்துபோன உறுப்பு எதுவும் உத்தரவாதத்துள் வாராது என்றனர். நம்மவர் கையில் இருந்ததோ வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டு. அதைக் கொண்டு எங்கே முறையிடுவது?

தமக்கையார் மகனை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே அவனைப் பெரிதும் வருத்தியது. அவன் அண்டை வீட்டுச் சிறுவர்களுக்கு மாலைதோறும் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினான். பத்து மாதங்களில் முப்பதாயிரம் ரூபாய் சேர்ந்தது. 2024 மே மாத விடுமுறையில் நம்மிடம் வந்து, "மாமா, இந்த முறை நானே பார்த்து வாங்கி, நானே பூட்டப் போகிறேன். நீங்கள் பக்கத்தில் மட்டும் இருங்கள்" என்றான். அத்தான் தம் பங்காக இன்னொரு முப்பதாயிரம் தர முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். "முதல் பெட்டி ஏன் எரிந்தது என்று எனக்கு விளங்கும்படி சொல்லுங்கள். அதற்குப் பிறகு பணம்."

நியாயமான கேள்வி. பரணில் கிடந்த பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கீழே இறக்கித் தூசி துடைத்தோம். அதன் மேல் '450' என்ற எண் உள்ளங்கை அகலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அதன் கீழே, எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிற்றெழுத்தில் ஓர் அட்டவணை இருந்தது. அத்தான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேரேட்டைப் பார்ப்பதுபோல் வரிவரியாகப் படித்தார். '12 வோல்ட் – 15 ஆம்பியர்' என்றிருந்தது. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் வரிசையிலிருந்தே பெறுகின்றன. 12-ஐ 15-ஆல் பெருக்கினால் கிடைப்பது 180 வாட். விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது அவ்விரண்டும் சேர்ந்து கேட்டதோ ஏறக்குறைய 200 வாட். ஏழு மாதங்களாக அந்தப் பெட்டி தன் ஆற்றலுக்கு மீறிய சுமையைச் சுமந்து வந்திருக்கிறது.

"இது இங்கேயே எழுதியிருக்கிறதே! அன்று நாம் ஒருவரும் படிக்கவில்லையே!" என்றார் அத்தான். பணம் தரச் சம்மதித்ததோடு, கடைக்கும் தாமே உடன் வருவதாகச் சொன்னார்.

திரையிலிருந்து தொடங்குக

முதன்முதல் கணிப்பொறி பூட்டுவோர் பெரும்பாலும், "எந்தப் பிராசசர் நல்லது?" என்ற கேள்வியோடு புறப்படுகின்றனர். அதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. எந்த விளையாட்டை விளையாடப் போகிறோம்? எந்தத் திரையில் பார்க்கப் போகிறோம்?

திரை என்பது சிறு ஒளிப்புள்ளிகளின் கூட்டம். 1920-க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 2560-க்கு 1440 எனில் 36,86,400. நான்கு கே எனப்படும் 3840-க்கு 2160 அளவில் 82,94,400. அதாவது முதலாவதைப் போல் சரியாக நான்கு மடங்கு. நொடிக்கு 60 படங்கள் காட்ட வேண்டுமாயின், கிராபிக்ஸ் கார்டு இத்தனை புள்ளிகளுக்கும் வண்ணம் கணக்கிட்டு முடிக்க ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரமே பெறுகிறது. 144 படங்கள் வேண்டுமாயின் கிடைக்கும் நேரம் ஆயிரத்தில் ஏழு நொடிக்கும் குறைவு. ஆகவே திரையின் அளவையும் வேகத்தையும் முதலில் முடிவு செய்தால், கார்டு எத்தகையது என்பது தானே விளங்கும். சிறிய திரை வைத்திருப்பவர் நான்கு கே திரைக்கென்று செய்த கார்டை வாங்குவது, இருவர் உண்ணும் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குவதை ஒக்கும்.

விளையாட்டுகளும் ஒரே தன்மையன அல்ல. வாலரன்ட், மைன்கிராஃப்ட் போன்றவை எளிய கணிப்பொறியிலும் நன்கு ஓடும். 2020-இல் வெளிவந்த சைபர்பங்க் 2077 போன்றவை பெருந்தீனிக்காரர்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் குறைந்த தேவை எது, பரிந்துரைக்கும் தேவை எது என்று அதனை வெளியிடுவோரே பட்டியல் தருகின்றனர். பிள்ளை விரும்பும் நான்கைந்து விளையாட்டுகளின் பட்டியலைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் கடையில் யாரும் நம்மை மயக்க இயலாது.

நம் மருமகனிடம் எரியாமல் எஞ்சியவை திரையும் விசைப்பலகையும் மவுசும். திரை 1920-க்கு 1080 அளவுள்ளது; நொடிக்கு 75 படம் காட்டுவது. ஆகவே 8 ஜி.பி. நினைவகமுடைய ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 என்னும் கார்டே போதும் என்று முடிவாயிற்று. அன்றைய விலையில் அது ஏறக்குறைய இருபதாயிரம். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. விளையாட்டுக்கென்று பூட்டும் கணிப்பொறியில் கார்டுக்கு மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரை ஒதுக்குவது பொருத்தமான கணக்கு.

ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்

அடுத்தது பிராசசர். விளையாட்டின் விதிகள், எதிரியின் நடமாட்டம், பந்தின் போக்கு முதலியவற்றைக் கணக்கிடுவது இதன் வேலை. கார்டு எவ்வளவு விரைவாக வரையக் காத்திருந்தாலும், பிராசசர் கணக்கைத் தந்தால்தான் வரைய முடியும். எனவே ஒன்று மிக வலியதாகவும் மற்றது மெலிந்ததாகவும் இருந்தால் வலியதற்குக் கொடுத்த பணம் வீணாகும். நாம் தேர்ந்த ரைசன் 5 5600, ஆறு உட்கருக்கள் உடையது. அந்தக் கார்டுக்கு ஏற்ற இணை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில பிராசசர்களில் படம் காட்டும் பகுதி உள்ளேயே அமைந்திருக்கும், சிலவற்றில் இராது. 5600-இல் இல்லை, 5600ஜி-யில் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் பிராசசர் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அதில் இல்லை என்று பொருள். கையில் பணம் குறைவாக உள்ள குடும்பம், படம் காட்டும் பகுதி உள்ள பிராசசரை முதலில் வாங்கி, எளிய விளையாட்டுகளோடு தொடங்கி, ஓராண்டு கழித்துக் கார்டு சேர்க்கலாம். கடன் வாங்கி ஒரேயடியாகப் பூட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். அவ்வாறு எண்ணுவோர், பின்னர் வரும் கார்டையும் தாங்கக்கூடிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

பிராசசர் அமரும் பீடத்தைச் 'சாக்கெட்' என்பர். 5600 அமர்வது ஏ.எம். 4 சாக்கெட்டில், அதில் டி.டி.ஆர். 4 வகை ராம் மட்டுமே பொருந்தும். 2022-இல் வந்த ஏ.எம். 5 சாக்கெட்டில் டி.டி.ஆர். 5 மட்டுமே பொருந்தும். இன்டெலின் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டிலோ மதர்போர்டைப் பொறுத்து இவ்விரண்டில் ஒன்று பொருந்தும். ராம் பலகையின் வெட்டு ஒவ்வொரு வகைக்கும் ஓரிடத்தில் இருப்பதால் மாற்றிச் செருகவும் இயலாது. ஆகவே பிராசசர், மதர்போர்டு, ராம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி ஒத்துப் பார்த்த பின்னரே வாங்க வேண்டும். மதர்போர்டின் உள்ளிருக்கும் பயாஸ் என்னும் தொடக்க நிரல் பழையதாயின் புதிய பிராசசரை அது அறியாது. "இந்தப் பிராசசருக்கு ஏற்ற பயாஸ் இதில் இருக்கிறதா?" என்று கடையிலேயே கேட்டுவிடுவது நலம்.

ராம் 16 ஜி.பி. வேண்டுமாயின் 16-இன் ஒரே பலகையாக வாங்காமல் 8-இன் இரு பலகைகளாக வாங்க வேண்டும். இரு வாய்க்கால்களில் நீர் பாய்வதுபோல் செய்தி இரு வழியில் பாயும். சேமிப்புக்கு என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. ஒன்று, 1,000 ஜி.பி. அளவில் இருந்தால் தொடக்கத்திற்குப் போதும். ஒரே விளையாட்டு நூறு ஜி.பி. இடத்தை விழுங்கும் காலம் இது.

கேபினெட் வாங்குமுன் இரண்டு அளவுகளைப் பார்க்க வேண்டும். மதர்போர்டின் அளவு ஒன்று: ஏ.டி.எக்ஸ். எனில் 305-க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். எனில் நாற்புறமும் 244. கார்டின் நீளம் மற்றொன்று. வாங்கிய கார்டு பெட்டிக்குள் அரை அங்குலம் கூடுதலாக நீண்டு நின்றால், திரும்பவும் கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

மின்சாரமும் வெப்பமும்

முதல் முறை நாம் இடறிய இடத்திற்கு வருவோம். எஸ்.எம்.பி.எஸ். கண்ணில் படாத உறுப்பு. விளையாட்டின் வேகத்தை அது ஒரு படமும் கூட்டுவதில்லை. ஆதலின் பணம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது அதுவே. ஆனால் அது கெட்டால் மற்ற அனைத்தும் கெடும்.

கணக்கு எளியது. பிராசசர் 76 வாட் வரை கேட்கும். கார்டு 132 வாட். மதர்போர்டு, ராம், விசிறிகள், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றுக்கு 50 வாட் என்று கொள்வோம். ஆக 258 வாட். கார்டு கண்ணிமைப் பொழுதில் திடீரென அதிகம் இழுப்பதுண்டு. காலப்போக்கில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வலிமையும் குறையும். எனவே கணக்கைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வைத்து 550 வாட் என்று தேர்ந்தோம். இம்முறை அத்தான் தாமே சிற்றெழுத்தைப் படித்தார். 12 வோல்ட் வரிசையில் 45 ஆம்பியர்; பெருக்கினால் 540 வாட். பெரிய எழுத்தும் சிற்றெழுத்தும் ஒத்துப்போயின. "இது நாணயமான ஆள்" என்றார்.

எஸ்.எம்.பி.எஸ். மேல் '80 பிளஸ்' என்ற முத்திரையைக் காணலாம். வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணிப்பொறிக்குச் சென்று சேர்கிறது என்பதற்கு அது அளவுகோல். 100 வாட் வாங்கி 85 வாட் தருவதாயின் எஞ்சிய 15 வாட் வெப்பமாய் வெளியேறுகிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் ஏறும். சாதாரணக் குடும்பத்திற்கு வெண்கலமே போதும். இம்முத்திரை சிக்கனத்திற்கு மட்டுமே சான்று. பாதுகாப்புக்கு நிறுவனத்தின் நற்பெயரையும், அது தரும் உத்தரவாத ஆண்டுகளையும் பார்க்க வேண்டும்.

வீட்டு மின்னிணைப்பையும் கவனித்தல் வேண்டும். மூன்று முனைப் பிளக்கின் தடித்த முனை, கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பும் 'எர்த்' முனை. அதை ஒதுக்கிவிட்டு இரு முனை அடாப்டரில் செருகினால் கேபினெட்டைத் தொடும்போதே சுருக்கென்று இருக்கும். சுவரில் எர்த் இணைப்பு உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனைக் கொண்டு சோதிப்பது சிறு செலவு. யு.பி.எஸ். வாங்குவோர் அதன் வாட் எண்ணைப் பார்க்க வேண்டும். 600 வி.ஏ. எனக் குறித்த பல யு.பி.எஸ்.கள் 360 வாட் வரையே தாங்கும். கணிப்பொறியும் திரையும் அதற்குள் அடங்குகின்றனவா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றபின் விளையாட்டைத் தொடர்வதற்காக அன்று, முறையாக அணைப்பதற்காகவே அது.

அடுத்து வெப்பம். செங்கற்பட்டின் சித்திரை வெயிலை நாம் விவரிக்க வேண்டியதில்லை. பிராசசர் 90 பாகையைத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; விளையாட்டு திக்கும். முகப்பு முழுதும் கண்ணாடியால் மூடிய கேபினெட், சன்னல் இல்லாத சமையலறை போன்றது. முகப்பு வலையாக இருக்க வேண்டும். முன்னே இரு விசிறிகள் காற்றை உள்ளே இழுக்கவும், பின்னே ஒன்று வெளியே தள்ளவும் இருந்தால் போதும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தலாகாது.

கடைத்தெருவில்

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, மின்னணுப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. ஒரு சனிக்கிழமை காலை மூவரும் மின்தொடர் வண்டியில் எழும்பூர் வந்திறங்கி அங்குச் சென்றோம். உறுப்புகளின் பெயரும் எண்ணும் எழுதிய தாள் மருமகன் கையில் இருந்தது. நான்கு கடைகளில் விலை கேட்டு எழுதினோம். "அந்த மாடல் இல்லை, இதுவும் அதே மாதிரிதான்" என்ற சொல்லைப் பலமுறை கேட்டோம். அதே மாதிரி என்பது அதே பொருள் அன்று. தாளில் உள்ளதையே கேட்டு வாங்கினோம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்டுப் பெற வேண்டும். பில்லில் பொருளின் வரிசை எண் இருத்தல் நன்று. "பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறோம்" என்று சொன்னவரும் உண்டு. முன்னொரு முறை வெள்ளைத் தாளோடு நின்ற நினைவு நம்மைக் காத்தது. பெட்டியின் முத்திரை பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

பழைய கார்டு வாங்க விரும்புவோர்க்கு ஒரு சொல். சில ஆண்டுகளுக்கு முன் எத்தீரியம் என்னும் மின்பணத்தைத் 'தோண்டி' எடுக்க உலகெங்கும் கிராபிக்ஸ் கார்டுகளை இரவும் பகலும் ஓட்டினர். 2022 செப்டம்பரில் அம்முறை கைவிடப்பட்டது; அவ்வாறு உழைத்துக் களைத்த கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. பழைய கார்டு எல்லாம் தீயதன்று. ஆயினும் கடினமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிப் பாராமல் பணம் தரலாகாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் பழையதாக வாங்கவே வேண்டாம்.

நாம் அன்று கொடுத்த மொத்தத் தொகை அறுபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே பட்டியலை இன்று அதே விலைக்கு எதிர்பார்க்க வேண்டாம். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவை பெருகியதால் ராம் விலை கடுமையாக ஏறியது. விலை மாறலாம், பங்கிடும் முறை மாறாது.

பூட்டும் முறை

வேண்டிய கருவி, காந்த முனையுள்ள நட்சத்திரத் திருப்புளி ஒன்றே. இடம், கம்பளம் விரிக்காத மேசை. உறுப்புகளைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட வேண்டும். நம் உடலில் தேங்கிய நிலைமின்சாரம் அதன்வழி இறங்கிவிடும். உறுப்புகளை ஓரத்தில் பிடிக்க வேண்டும்.

முதலில் மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, வெளியிலேயே பாதி வேலையை முடிக்க வேண்டும். சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கி, பிராசசரின் மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால் அது தானே அமரும். விரலால் அழுத்தவே கூடாது. அழுத்தினால் முள் வளையும். வளைந்த முள்ளுக்கு உத்தரவாதம் இல்லை. பின்னர் நெம்புகோலைத் தாழ்த்த வேண்டும். நான்கு ராம் துளைகள் இருந்தால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பலகைகளைச் செருக வேண்டும். எஸ்.எஸ்.டி.யைச் சாய்வாகச் செருகிப் படுக்க வைத்துச் சிறு திருகால் முடுக்க வேண்டும்.

5600-உடன் வரும் குளிர்விசிறியின் அடியில் வெப்பம் கடத்தும் பசை முன்னரே தடவியிருக்கும். அதைக் கையால் தொடலாகாது. நான்கு திருகுகளையும் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். தனிக் குளிர்விசிறி வாங்குவோர், அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறவாதிருக்க வேண்டும். பலர் மறந்திருக்கின்றனர்.

அதன்பின் கேபினெட். மதர்போர்டு தகரத்தில் நேரே படாதவாறு தாங்கும் பித்தளைக் குமிழ்கள், போர்டின் துளைகளுக்கு நேரே மட்டுமே இருக்க வேண்டும். வேறிடத்தில் ஒன்று துருத்தி நின்றாலும் போர்டின் அடிப்பகுதியில் இடித்து மின்சுற்றைக் கெடுக்கும். 24 முனை கொண்ட பெரிய இணைப்பு மதர்போர்டுக்கு. மேல் மூலையில் 8 முனை பிராசசருக்கு. கார்டுக்கு வேறோர் 8 முனை. பிந்திய இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து கழற்றக்கூடிய கம்பிகளாயின், ஒரு நிறுவனத்தின் கம்பியை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் ஒருபோதும் செருகலாகாது. முனை பொருந்தினும் உள்ளே மின்வரிசை மாறியிருக்கும்; எல்லாம் எரியும். இறுதியாகக் கார்டை, பிராசசருக்கு அண்மையில் உள்ள நீண்ட துளையில் 'கிளிக்' என்னும் ஒலி கேட்கும்வரை செருகித் திருக வேண்டும்.

மருமகன் இவ்வளவையும் முடிக்க நான்கரை மணி நேரம் ஆயிற்று. பழகியவர் ஒரு மணியில் முடிப்பர். முதல் முறை பூட்டுபவன் மெதுவாகச் செய்வதில் வெட்கம் இல்லை.

விசிறி சுழன்றது, படம் வரவில்லை

மாலை ஆறு மணி. தமக்கையார் அடுக்களை வேலையை விட்டு வந்து வாசற்படியில் நின்றார். மருமகன் பொத்தானை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன. திரையோ இருண்டே கிடந்தது.

அவன் முகம் வெளுத்தது. பத்து மாத உழைப்பும் தந்தையின் பணமும் அந்த இருளில் போய்விட்டதாக எண்ணினான் போலும். தமக்கையாரோ, "அவசரம் இல்லை. முதலில் ஒரு வாய் காபி குடி" என்று மட்டும் சொல்லி உள்ளே சென்றார்.

இந்நிலை முதல் முறை பூட்டும் பலருக்கும் வருவதே. கலங்காமல் வரிசையாகப் பார்க்க வேண்டும். திரையின் கம்பி கார்டில் செருகியிருக்கிறதா, தவறி மதர்போர்டில் செருகியிருக்கிறதா? கார்டுக்கு மின்சாரக் கம்பி கொடுத்தாயிற்றா? பிராசசரின் 8 முனை இணைக்கப்பட்டதா? இவை யாவும் சரியாகவே இருந்தன. மதர்போர்டின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் உண்டு; எந்த உறுப்பில் குறையோ அதன் விளக்கு எரியும். ராம் விளக்கு எரிவதை முதலில் கண்டவர் அத்தான். சிற்றெழுத்தைப் படிக்கப் பழகிய கண் அல்லவா!

மின்சாரத்தை நிறுத்தி, ராம் பலகைகளைக் கழற்றி, மீண்டும் வைத்து இரு முனையிலும் அழுத்தினான். முன்னர் ஒரு முனையில் மட்டுமே ஒலி கேட்டிருந்தது. இப்போது இரு முனையிலும் கேட்டது. பொத்தானை அழுத்தி, ஏறக்குறைய அரை நிமிடம் காத்திருந்தோம். திரையில் எழுத்துகள் தோன்றின.

அதன்பின் செய்யவேண்டியவை சில. பயாஸினுள் எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பை இயக்க வேண்டும்; இல்லையேல் 3200 வேகத்திற்குப் பணம் கொடுத்த ராம் 2133 அல்லது 2666 வேகத்திலேயே நடக்கும். விண்டோஸ், திரையைப் பெரும்பாலும் 60 என்ற வேகத்தில் வைத்திருக்கும். 75 அல்லது 144 என்று நாமே மாற்ற வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. எனவே விண்டோஸ் 11-க்கே செல்ல வேண்டும். உரிமம் பெறாத நகலைப் போட்டுத் தருவதாகச் சொல்வோரை நம்ப வேண்டாம். அது பிறர் உழைப்பைத் திருடுவதாகும். அத்துடன் நச்சுநிரல்கள் நுழையும் வாயிலும் அதுவே. பணம் போதாதவர் இலவசமான லினக்ஸைப் போடலாம். விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட உதவும் புரோட்டான் 2018-இல் வெளிவந்தது. ஆனால் வாலரன்ட் போன்ற சில அதில் ஓடா.

கணிப்பொறியைக் கூடத்தில் வைப்பதென்றும், தேர்வுக் காலத்தில் விளையாட்டு இல்லை என்றும் தமக்கையார் விதித்தார். மருமகன் மறுப்பின்றி ஏற்றான். தன் பணமும் தன் கையுழைப்பும் கலந்த பொருளிடத்து ஒருவனுக்குப் பொறுப்பு தானே வருகிறது.

மூன்று மாதத்திற்கொரு முறை அவன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, விசிறியின் இறக்கை சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு, காற்றடித்துத் தூசி போக்குகிறான். பழைய பெட்டி ஏழு மாதங்களில் எரிந்தது. இது 2024-இன் கோடையையும் அடுத்த ஆண்டின் கோடையையும் ஒரு குறையுமின்றிக் கடந்துவிட்டது. அண்மையில் அடுத்த தெரு வீட்டார் தங்கள் மகனுக்குக் கணிப்பொறி வாங்க எண்ணி இவனிடம் யோசனை கேட்க வந்தனர். இவன் கார்டையும் காட்டவில்லை, விசிறியையும் காட்டவில்லை. பரணிலிருந்து அந்தப் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை இறக்கி வந்து மேசைமேல் வைத்து, "முதலில் இந்தச் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள்" என்றானாம்.

வாசக அன்பர்களுக்கும் நாம் சொல்ல விழைவது அதுவே. பிள்ளை கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே பணத்தை எடுக்கவும் வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்து அவனோடு அல்லது அவளோடு அமருங்கள். எந்தத் திரை, எந்த விளையாட்டு, எத்தனை வாட் என்று இருவரும் கூடிக் கணக்கிடுங்கள். அந்தக் கணக்கு முடியும் வரை கடைக்குப் போக வேண்டாம்.